வட்டவிதானையும் உலக வங்கியும்
வறிய நாடுகளின் அபிவிருத்தியில் நிறுவனங்களின் பங்கு – மட்டக்களப்பு வேளாண்மையை முன்வைத்து ஒரு நோக்கு

வறிய நாடுகள் ஏன் வறியனவாகவே இருக்கின்றன என்ற வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறைப் பொருளியலாளரும் தத்தமக்கு வசதியானதொரு விடையைக் கண்டுள்ளனர். இரண்டாம் உலகப் போரை அடுத்த காலத்தில் மூலதனப் பற்றாக்குறையே காரணமெனப்பட்டது. அணையும் ஆலையும் கட்டினால் வறுமை அகலும் என நம்பப்பட்டது. எண்பதுகளில் விலைகளின் மீதான அரச தலையீடே குற்றவாளியாயிற்று. தொண்ணூறுகள் தொட்டு அக்குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பவை ‘நிறுவனங்கள்’. சமூக விளையாட்டின் விதிகளே நிறுவனங்கள் என 1990 இல் வெளிவந்த நூலில் டக்ளஸ் நோர்த் வரையறுத்தார். 1993 இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. உலக வங்கி தனது 2002 ஆம் ஆண்டு உலக அபிவிருத்தி அறிக்கையைச் சந்தைக்கான நிறுவனங்களைக் கட்டியெழுப்புதல் என்ற பொருளுக்கே ஒதுக்கியது. நாடுகளின் செழிப்பும் வறுமையும் நிறுவனங்களின் தன்மையாலேயே தீர்மானிக்கப்படுகின்றன என வாதிட்ட அசெமொக்லு, யோன்சன், றொபின்சன் ஆகிய மூவருக்கும் 2024 இல் அதே பரிசு வழங்கப்பட்டது.

இக்கோட்பாட்டில் உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. உரிமை உறுதியில்லாத நிலத்தில் எவரும் உரமிடார். நீதி கிடைக்காத இடத்தில் எவரும் கடன் கொடார். ஆயினும் நூலிலிருந்து கொள்கைக்கு இறங்கும் வழியில் இக்கோட்பாடு ஒரு விபத்துக்கு உள்ளாகிறது. நோர்த் எழுதிய ‘விதி’ என்ற சொல் எழுதப்படாத வழக்காற்றையும் உள்ளடக்கியது. கொள்கை வகுப்போரின் மேசையை அடையும்போது அச்சொல் சட்டம், சபை, திணைக்களம், ஆணைக்குழு என்பனவற்றை மட்டுமே குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. இச்சுருக்கத்தின் பயனாய் வறிய நாடு நிறுவனங்களற்ற வெறுந்தரையாகக் காட்சியளிக்கிறது. வெறுந்தரையிலே கட்டடம் எழுப்புவதற்கு அங்குள்ளவரைக் கேட்க வேண்டியதில்லை அன்றோ!

அத்தரை வெறுந்தரையாக இருந்ததா என்பதை ஆராய்வதற்கு மட்டக்களப்பின் நெல்வயலிலும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றரையில் அமைந்துள்ளது குருக்கள்மடம். சூரியன் எழும் பக்கமாதலின் இக்கரை எழுவான்கரை. வாவிக்கு அப்பால், சூரியன் படும் பக்கம் படுவான்கரை. குடியிருப்பும் கோவிலும் பாடசாலையும் கடைத்தெருவும் எழுவான்கரையிற் செறிந்திருக்க, நெல் விளையும் நிலமோ பெரும்பாலும் படுவான்கரையிற் பரந்து கிடக்கிறது. குருக்கள்மடத் துறையிலிருந்து அம்பிளாந்துறைக்குத் தோணியேறி நெடுங்காலமாக மக்கள் வாவியைக் கடந்து வந்தமைக்கு இதுவே காரணம். ஒரு கரையில் உரிமையும் மறுகரையில் உழைப்புமாகப் பிரிந்து கிடக்கும் இத்தகைய நிலவமைப்பில், விதிகளின்றி ஒரு போகந்தானும் விளைந்திருக்க முடியாது. எந்த நாளில் விதைப்பது, எந்த நாளுக்கு முன் மாடுகளை வெளியேற்றி வேலியடைப்பது, வாய்க்காலை யார் எவ்வளவு நீளத்துக்கு வெட்டித் துப்புரவாக்குவது, நீர் குறைந்தால் எந்த வரவைக்கு முதலில் வக்கடை திறப்பது என்பவற்றை ஒருவர் தனித்துத் தீர்மானிக்க இயலாது. ஒருவன் பிந்தி விதைத்தால் அவன் பயிருக்காக முழு வட்டையும் வேலியைக் காத்து நிற்கவேண்டும். ஒருவன் வேலியை விட்டால் மாடு அனைவரது வயலையும் மேயும்.

இவ்விதிகளைக் காத்தவர் வட்டவிதானை. வட்டை என்பது ஒரே நீரையும் ஒரே வேலியையும் பகிரும் வயற்பரப்பு. அதன் மேற்பார்வையாளர் வட்டவிதானை. இவருக்குரிய ஊதியம் திறைசேரியிலிருந்து வரவில்லை. யாருடைய வயலுக்கு நீர் விட்டாரோ அவருடைய களவெட்டியிலிருந்து நெல்லாகவே வந்தது. நிறுவனப் பொருளியல் பற்றிப் பெருந்தொகையாக எழுதப்பட்டவற்றிலே ‘பொறுப்புக்கூறல்’ என்ற சொல் எத்தனையோ முறை வருகிறது. அச்சொல்லின் பொருளை விளங்கிக்கொள்வதற்கு, விளைந்தால் கூலி, விளையாவிட்டால் வசை என்றிருந்த வட்டவிதானையின் நிலையை ஒரு கணம் எண்ணினாற் போதும்.

பிரித்தானிய ஆட்சியாளரும் இதனை முற்றாக அறியாதிருந்தாரல்லர். ஆள்பதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வயல்களின் நீர்ப்பாசனம், பயிர்ச்செய்கை ஆகியன பற்றிய பண்டை வழக்காறுகளைப் புதுப்பித்து நடைமுறைப்படுத்தும் நோக்கில் இயற்றப்பட்டது. கமக்காரர் கூடித் தம் வழக்காற்றை வரையறுத்துக்கொள்ளவும் மீறியவரை அயலவரே விசாரிக்கவும் அது இடமளித்தது. எனினும் இதே ஆட்சிதான் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தினால் பயிரிடப்படாத நிலமனைத்தையும் முடிக்குரியதாக அனுமானித்தது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தினால் மட்டக்களப்பின் தாய்வழி உரிமை பேசிய முக்குவர் சட்டத்தையும் வழக்கொழியச் செய்தது. பிறிற்றோ அச்சட்டத்தைத் தொகுத்து அச்சேற்றிய ஆண்டும் 1876 தான் என்பது வரலாற்றின் விளையாட்டு. ஆவணமான ஆண்டிலேயே அது ஆவியாயிற்று.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தினின்றும் தப்பிக்கொள்ளல் வேண்டும். பழைய வட்டையைப் பொற்காலமாகப் பாடுவோர் எம்மவரிடையே பலர். அப்பொற்காலத்தில் முல்லைக்காரன் எங்கே நின்றான் என அவர்கள் கேட்பதில்லை. போடியார் எழுவான்கரையில் இருக்க, அவரிடம் முற்பணம் பெற்றுப் படுவான்கரை வாடியிலே மாதக்கணக்கிற் கிடந்து வயலைக் காத்து விளைவித்தவன் முல்லைக்காரன். களவெட்டியில் நெல் அளக்கப்படும்போது விதை, வட்டி, முற்பணம் என ஒவ்வொன்றாகக் கழிந்தபின் எஞ்சியதே அவனுடையது. வட்டவிதானையைத் தெரிவதில் ஒலித்த குரலும் காணியுடையோர் குரலே. நீரைப் பங்கிடுவதில் நேர்மையாக இருந்த ஒரு நிறுவனம், விளைச்சலைப் பங்கிடுவதில் வாய் திறவாமல் இருந்தது. நிறுவனங்கள் நல்லனவா தீயனவா எனப் பொதுப்படக் கேட்போர் தடுமாறும் இடம் இதுவேயாம். அசெமொக்லுவும் றொபின்சனும் ‘உள்ளடக்குவன’, ‘உறிஞ்சுவன’ என நிறுவனங்களை இரு கூறாக்கினர். வட்டை அவ்விரண்டிலும் ஒருங்கே அடங்கும். காலையில் நீர் திறக்கையில் அது உள்ளடக்கும். மாலையில் நெல் அளக்கையில் அது உறிஞ்சும்.

பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இவ்வநீதியைக் குறிவைத்ததாலேயே போற்றற்குரியது. குத்தகைக் கமக்காரனுக்கு நிலையான உரிமை, வாரத்துக்கு உச்ச வரம்பு, பயிரிடுவோர் பெரும்பான்மையாக அமையும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் என்பன அதன் உயிர்நாடிகள். பழைய விதானைப் பதவி சட்டத்தினின்றும் நீக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது, விளைவு வேறு. சட்டம் செயலுக்கு வருமுன்னரும் வந்த பின்னரும் நாடெங்கும் குத்தகையாளர் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றப்படாதோர் பலர் தாம் குத்தகையாளர் என்றே கூறாதிருந்தனர். புதிய குழுவுக்கு நீரைப் பங்கிடும் பொறுப்பு தரப்பட்டது. மதகின் திறவுகோல் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமே இருந்தது. சட்டத்தின் எதிரிகளை மட்டுமே இதற்குக் குற்றஞ்சாட்டும் இடதுசாரி விளக்கம் அரைவாசி உண்மை. விதானையின் அநீதியை அகற்றியவர்கள் அவர் செய்துவந்த தொழிலை யார் செய்வது என்பதை முற்றாக எண்ணவில்லை என்பதே மற்றை அரைவாசி.

அதன் பின்னர் நடந்தவை விரைவில் சொல்லத்தக்கன. 1972 இன் கமத்தொழில் உற்பத்திச் சட்டத்தோடு குழுக்கள் தெரிவினின்றும் நியமனத்துக்கு மாறின; அமைச்சரின் கட்சியே தகைமையாயிற்று. 1977 ஆட்சி மாற்றத்தோடு அக்குழுக்கள் செயலிழந்தன. 1979 இன் கமநல சேவைகள் சட்டம் உத்தியோகத்தரை முன்னிறுத்தியது. 1991 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் மீண்டும் ஒரு கட்டமைப்பை வகுத்தது. அரை நூற்றாண்டுக்குள் ஒரே வாய்க்காலுக்கு இத்தனை எசமானர்! ஒரு விதி மக்கள் மனத்தில் வேரூன்றுவதற்கு ஒரு தலைமுறையேனும் வேண்டும். இங்கோ தேர்தலுக்குத் தேர்தல் நாற்று பிடுங்கி நடப்பட்டது. விந்தை யாதெனில் சட்டத்திலே ஒழிந்த வட்டவிதானை என்ற பெயர் மட்டக்களப்பு வழக்கிலே ஒழியவில்லை. கமக்காரர் அமைப்பின் பேரில் நீர் பார்ப்பவரையும் இங்கே வட்டவிதானை என்றே அழைக்கின்றனர். கொழும்பு எழுதிய பெயர்களை வட்டை மனப்பாடம் செய்துகொள்ள மறுத்துவிட்டது போலும்.

பெருந்திட்டங்களின் பக்கம் திரும்பினால் இதே கதை பேருருவிற் புலப்படும். பட்டிப்பளை ஆறு எனத் தமிழர் வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் உருவாக்கப்பட்டது. 1949 இல் இதற்கெனக் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1933 இல் தோன்றிய தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதன் முன்மாதிரி. அதாவது அணை மட்டுமன்றி நிறுவனமும் இறக்குமதியாயிற்று. இருபதாண்டுகளின் பின்னர், பி. எச். பாமர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு 1970 இல் வெளியிட்ட அறிக்கையில், திட்டத்தின் செலவு அதன் பயனை விஞ்சியது என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் ரூபாயிற் கணக்கிட முடியாத செலவொன்றும் உண்டு. 1956 இல் இக்குடியேற்றத்திலே தமிழர் மீது வன்செயல் கட்டவிழ்த்துவிடப்பட்டது. குடியேற்றம் கிழக்கின் குடிப்பரம்பலை மாற்றியமைக்க, 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. நீரைப் பங்கிட அமைந்த நிறுவனம் நிலத்தையும் அதிகாரத்தையும் பங்கிட்ட வகையை, செலவு–பயன் அட்டவணையில் தேடினால் அகப்படாது.

அதே கல்லோயாவிலேதான் இக்கோட்பாட்டுக்கு மிகச் சாதகமான சான்றும் கிடைத்தது என்பதை நடுநிலையாளர் மறைத்தலாகாது. இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியிற் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைப்பகுதியிலே தமிழர். தலையில் உள்ளோர் மிஞ்ச மிஞ்ச நீர் எடுப்பதும் கடையில் உள்ளோர் வாடுவதும் வழமை. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து, 1981 இல் படித்த இளைஞரை அமைப்பாளர்களாக அங்கு அனுப்பின. அவர்கள் சபையொன்றையும் நிறுவவில்லை; யாப்பு எதனையும் கையளிக்கவுமில்லை. வீடு வீடாகச் சென்று, ஒரே சிறுவாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி, முதலில் செய்யக்கூடியது எதுவெனக் கேட்டனர். குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த ஆண்டு அது; நாட்டின் பல பாகங்களில் இனவன்செயல் நிகழ்ந்த ஆண்டும் அதுவே. சில வாரங்களுக்குள் வாய்க்கால்கள் துப்புரவாகின, முறைவைத்து நீர் பாய்ச்சப்பட்டது, தலைப்பகுதிச் சிங்களக் கமக்காரர் மிச்சப்படுத்திய நீர் கடைப்பகுதித் தமிழ்க் கமக்காரரின் வயலை அடைந்தது. இதனை நோமன் அப்ஹொவ் 1992 இல் வெளிவந்த நூலில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார்.

எலினர் ஒஸ்ட்ரொம் 1990 இல் எழுதிய, பொதுவளங்களின் ஆளுகை பற்றிய புகழ்பெற்ற நூலில் இலங்கையின் நீர்ப்பாசனத்துக்கும் இடமுண்டு. கிரிந்தி ஓயாவின் தோல்வியும் கல்லோயாவின் மீட்சியும் அதில் ஆராயப்படுகின்றன. 2009 இல் நொபெல் பரிசு பெற்ற இவ்வம்மையாரின் பெருமை, வளத்தைப் பயன்படுத்துவோரே விதியை இயற்றவும் காவல் செய்யவும் வல்லர் என்பதை வயலிலும் கடற்கரையிலும் சென்று காட்டியமையாகும். மாநாடுகளில் நோர்த்தையும் அசெமொக்லுவையும் மேற்கோள் காட்டுவோர் ஒஸ்ட்ரொமை வணங்கிவிட்டு அப்பாற் செல்வது தற்செயலானதன்று. அவரை ஏற்றுக்கொண்டால் ஆலோசகருக்கு வேலை குறையும். எனினும் ஒஸ்ட்ரொமின் ஆய்விலும் ஒரு வெற்றிடம் உண்டு. விதியை இயற்றும் அச்சிறு குழுவுக்குள் யார் பேசுகிறார், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அங்கே மங்கலாகவே தெரிகிறது. முல்லைக்காரன் மறுபடியும் வரம்போரம் நிற்கிறான்.

கல்லோயாவின் அமைப்பாளர்களுக்கு நேர்ந்ததும் பாடமாகக் கொள்ளத்தக்கது. அவர்களுக்கு நிரந்தர நியமனம் தரப்படவில்லை. ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் ஒருவர் பின் ஒருவராக விலகிச் சென்றனர். சிமெந்துக்கும் இயந்திரத்துக்கும் நிரந்தரத் தலைப்பின்கீழ் நிதி ஒதுக்கிய திட்டம், மனிதரைத் தற்காலிகத் தலைப்பின்கீழ் வைத்திருந்தது. நிறுவனங்களே முதன்மையானவை எனப் பேசும் கொள்கை, வரவுசெலவுத் திட்டத்தில் எதனை நிறுவனமெனக் கருதுகிறது என்பதற்கு இதனிலும் தெளிவான சாட்சி தேவையில்லை.

போர் பற்றிச் சொல்லாமல் மட்டக்களப்பின் நிறுவனங்களைப் பற்றிப் பேசமுடியாது. 1987 சனவரியிலும் 1991 யூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியிற் பொதுமக்கள் அரச படையினராற் கொல்லப்பட்டனர். 1990 யூலையில் குருக்கள்மடத்தில், பெருந்தெருவால் வந்த முஸ்லிம் பயணிகள் விடுதலைப் புலிகளால் மறிக்கப்பட்டுக் கடத்திக் கொல்லப்பட்டனர். படுவான்கரையிற் காணி வைத்திருந்த முஸ்லிம்கள் பலர் அதன்பின் தம் வயலுக்குச் செல்லமுடியாதவராயினர். தமிழர் விளைத்த நெல்லை முஸ்லிம் வணிகர் கொள்வதும், இரு சாராரும் ஒரே வாய்க்காலில் நீர் பெறுவதும் எந்தச் சட்டத்திலும் எழுதப்படாமல் தலைமுறைகளாக நடந்துவந்தவை. தெருவாற் போனவன் வீடு திரும்புவான் என்ற நம்பிக்கையே முதல் நிறுவனம். அது முறிந்த இடத்தில் உரிமை உறுதியோ ஒப்பந்தமோ பயன்படுவதில்லை. 2007 வரை படுவான்கரை வேறோர் ஆட்சியின் கீழும் எழுவான்கரை அரசின் கீழும் இருந்தன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. வாவியைக் கடப்பது எளிதாயிற்று. முறிந்த நம்பிக்கையைக் கடப்பதற்கு எவரும் கடனுதவி தரவில்லை.

அண்மைய சான்றொன்றும் உண்டு. 2021 மே மாதத்தில் ஒரேயொரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாட்டிலே கமநல சேவை நிலையங்கள் இருந்தன. கமக்காரர் அமைப்புகள் இருந்தன. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூட்டுவது நடைமுறையில் இருந்தது. இவையனைத்தும் காகிதத்தில் இருக்கவே, அவற்றுள் எதனையும் கேளாது ஒரு போகத்தின் தலைவிதி எழுதப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டிருந்தது. அப்போகத்து விளைச்சல் பெருவீழ்ச்சி கண்டது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனை மீளச்செலுத்துவதை நிறுத்தியது. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு இணங்கி, செப்ரெம்பரில் இலங்கையின் ஆளுகை பற்றிய ஆய்வறிக்கையையும் வெளியிட்டது. வரி நிருவாகம், அரச கொள்வனவு, மத்திய வங்கி, ஊழல் தடுப்பு ஆகியன பற்றி அவ்வறிக்கை கூறுவனவற்றிற் பெரும்பாலானவை சரியானவையே. 2023 இல் புதிய மத்திய வங்கிச் சட்டமும் ஊழலுக்கெதிரான சட்டமும் நிறைவேறின. ஆயினும் உர விடயத்திலே குறைபட்டது மத்திய வங்கியின் சுதந்திரமன்று. கமக்காரன் ‘முடியாது’ எனச் சொல்வதற்கும் அச்சொல் மேலே சென்று சேர்வதற்குமான வழியே அடைபட்டிருந்தது. அவ்வழியைத் திறப்பது எந்தக் கடன் நிபந்தனையிலும் இடம்பெறவில்லை. கடன் கொடுத்தவருக்குப் பதில் சொல்லும் நிறுவனங்கள் வலுப்பெற்றன. நெல் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவை இருந்தபடியே இருக்கின்றன.

பெண்களின் காணியுரிமையை எடுத்துநோக்கின் இம்முரண் இன்னும் கூர்மையடைகிறது. முக்குவர் சட்டம் நீங்கியபின்னும் மட்டக்களப்பிலே வீடும் வயலும் சீதனமாகப் பெண்வழியே செல்லும் வழக்கு நிலைத்து நிற்கிறது. மாறாக, அரசு வழங்கிய குடியேற்றக் காணிகளை ஆண்ட 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், பின்னுரிமையாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து ஆண் வாரிசையே முற்படுத்தியது. அபிவிருத்தியின் பேரால் வந்த சட்டம், உள்ளூர் வழக்கு பெண்ணுக்குக் கொடுத்ததை ஆணுக்கு மாற்றியது. அப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் நிறைவேற 2022 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் உள்ளூர் வழக்கும் பாதி வழியே வந்தது. உறுதியிலே பெயர் அவளுடையது. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தோணியேறியவன் அவளது கணவன். எந்த வட்டைக்கு எப்போது நீர் விடுவதென அங்கே கை உயர்த்தப்படும்போது, காணிக்குரியவள் எழுவான்கரையில் இருக்கிறாள். விளைவித்த முல்லைக்காரன் வாடியில் இருக்கிறான்.